எழுபது வளைவுகளும் இரண்டு மில்லிமீட்டரும்

சேலம், நாமக்கல் சமவெளி என்று நாம் சொல்வதெல்லாம் ஒரு வசதிக்காகத்தான். இங்கே எந்த ஊரில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் கண்ணுக்கு ஒரு மலை தட்டுப்படும். சேலத்துக்காரர்களுக்கு வடக்கே சேர்வராயன், மேற்கே கஞ்சமலை. ராசிபுரத்தில் இருக்கும் எங்களுக்குப் போதமலை. நாமக்கல்லுக்கு ஊர் நடுவிலேயே கோட்டையைத் தலையில் சுமந்து நிற்கும் ஒற்றைப் பாறை. கிழக்கே இவை அனைத்துக்கும் பெரியண்ணனாகக் கொல்லிமலை. ஆகவே இந்தச் சமவெளியில் வண்டி வைத்திருப்பவர் எவரும், ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மட்டமான சாலையிலேயே ஓட்டினாலும், ஏதாவது ஒரு நாள் ஒரு மலையிலிருந்து இறங்கியே ஆகவேண்டும். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து எழுபது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். ஏறும்போது குழந்தைகள் அதை எண்ணிக்கொண்டு வருவார்கள். இறங்கும்போது ஓட்டுகிறவர் எண்ணுவார்.

தமிழில் பிரேக்குக்குச் சரியான சொல் இல்லை என்று நண்பர்கள் சிலர் வருத்தப்படுவதுண்டு. தடை, நிறுத்தி, தடுப்பான் என்று எதையெதையோ சொல்லிப் பார்க்கிறோம், எதுவும் நிலைக்கவில்லை. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நம் மக்கள் சேர்த்த வினைச்சொல் முழுக்கவும் நம்முடையது. பிரேக் 'பிடிக்கிறது' என்கிறோம். கையைப் பிடிப்பது, மழை பிடிப்பது, ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப்போவது எல்லாவற்றுக்கும் உரிய அதே வினை. 'பிரேக் பிடிக்கவில்லை' என்ற இரண்டு சொற்களை நம் நாளிதழ்களின் விபத்துச் செய்திகளில் படித்துப் படித்து நமக்கு மரத்துப்போய்விட்டது. ஏன் பிடிக்கவில்லை, எது எதைப் பிடிக்கவேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாங்கள் அதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை.

கேட்கும்படி ஆனது ஒரு சத்தத்தால். எங்களிடம் இருப்பது 2008-ஆம் ஆண்டின் மாருதி 800. அந்த வண்டியின் உற்பத்தியே 2014 ஜனவரியில் நின்றுபோயிற்று. ஆனாலும் உதிரிபாகங்கள் இன்னமும் சேலத்தில் கேட்ட கடையிலெல்லாம் கிடைக்கின்றன. ஆடி பிறந்த சமயம். கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வீட்டாரை அழைத்துப் போவதென்று முன்பே பேசி வைத்திருந்தோம். அந்த வாரத்தில்தான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன் சக்கரத்திலிருந்து மெல்லிய கீச்சொலி ஒன்று வரத் தொடங்கியது. வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் அப்பாதான் முதலில் சொன்னார். எங்களில் ஒருவருக்கு அவர் அப்பா, மற்றவருக்கு மாமனார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் பம்பாய்க்கு லாரி ஓட்டியவர். கிளீனராகச் சேர்ந்து, திட்டும் உதையும் வாங்கி, டிரைவரானவர். இப்போது காது சற்று மந்தம். நாங்கள் பேசுவது பாதிதான் கேட்கும். வண்டி பேசுவது முழுதும் கேட்கும்.

"முன்னாடி பேடு தீந்து போச்சு கண்ணு. கொல்லிமலைக்கு இதுல போவாதீங்க" என்றார்.

வழக்கம்போல் வண்டியைப் பட்டறையில் விட்டிருக்கலாம். ஆனால் முந்தைய ஆண்டு ஒரு பட்டறையில் பேடு மாற்றியதாகப் பில் வாங்கியிருந்தோம். கழற்றிய பழைய பேடைக் காட்டச் சொன்னபோது குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வேலை நடக்கும் இடத்துக்குள் வாடிக்கையாளருக்கு அனுமதி இல்லை என்று ஒரு பலகையும் தொங்கியது. உள்ளே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது, அவ்வளவே. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு எழுபது வளைவுகள் இறங்கப் போகிற நேரத்தில் அந்த 'தெரியாது' பெரிதாகத் தெரிந்தது. இந்த முறை வீட்டு வாசலிலேயே நாங்களே செய்வதென்று தீர்மானித்தோம். அப்பா மறுக்கவில்லை. "நான் சொல்றத மட்டும் செய்யோணும். சொல்லாதத செய்யக்கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

வேலையைத் தொடங்குமுன் பிரேக் என்பது என்ன செய்கிறது என்பதை எங்களுக்கு நாங்களே விளங்கவைத்துக்கொள்ள ஒரு கணக்குப் போட்டோம். காரவள்ளி அடிவாரத்துக்கும் மேலே சோளக்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வண்டியும் அதிலுள்ளவர்களும் சேர்ந்து 900 கிலோ. அத்தனை எடையை அத்தனை உயரத்திலிருந்து கீழே இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 88 லட்சம் ஜூல். முப்பது லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோக ஆகும் வெப்பம் அது. ஒரு கல்யாண அண்டா. இந்த வெப்பத்தின் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் நான்கு சக்கரங்களில் இருக்கும் சிறிய உலோகத் துண்டுகள் வாங்கிக் காற்றில் விடவேண்டும். பிரேக் வண்டியை நிறுத்துவதில்லை. ஓட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது. மாற்றிய வெப்பத்தைக் கைகழுவ நேரம் கிடைக்காவிட்டால் அடுத்த மிதிக்கு அதனால் மாற்ற இயலாது.

முன் சக்கரங்களுக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பதும் இதிலிருந்தே வருகிறது. நிறுத்தும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பேருந்தில் பிரேக் போட்டால் நாம் முன் இருக்கைக்காரர் மேல் விழுவதைப் போல. எனவே மூன்றில் இரண்டு பங்கு வேலையை முன் பிரேக்குகள்தாம் செய்கின்றன. இறக்கத்தில் இன்னும் கூடுதல். அதனால்தான் எங்களுடையதைப் போன்ற சிறு வண்டிகளில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்முக்குள் வெப்பம் அடைபட்டுக் கிடக்கும். டிஸ்க் திறந்தவெளியில் சுழன்று காற்று வாங்கும்.

டிஸ்க் பிரேக் புதிய கண்டுபிடிப்பு என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். இங்கிலாந்தின் பிர்மிங்காமில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். செம்புப் பட்டைகள் இரும்புத் தட்டைக் கவ்வும்போது எழுந்த ஓலத்தை யாராலும் பொறுக்க முடியவில்லை. அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-இல் பிரான்சின் லெ மான்ஸ் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வென்ற பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. இன்னொரு கதை எங்களுக்கு மேலும் நெருக்கமாகத் தோன்றியது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப் பகுதியில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், குதிரை வண்டிகள் இறக்கத்தில் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, மேலும் நன்றாகப் பிடிக்கும் பிரேக் கட்டைகளைச் செய்ய முனைந்தார். 1897-இல் தொடங்கியது அவர் தொழில். தன் பெயரின் எழுத்துகளோடு மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்துக் குலுக்கி 'ஃபெரோடோ' என்று பெயரிட்டார். பிற்காலத்தில் பிரேக் பட்டைகளில் கல்நாரைப் புகுத்தியவரும் அவர்தாம். வெப்பம் தாங்கும் அந்த நார் மலைப்பாதையில் பலரைக் காப்பாற்றியிருக்கும். அதன் தூசு தொழிற்சாலையிலும் பட்டறையிலும் பலருடைய நுரையீரலை அரித்தும் இருக்கிறது. நம் நாட்டில் இந்தத் தொழில் வேர்விட்ட இடங்களில் சென்னைப் பாடியும் ஒன்று. பிரேக்ஸ் இந்தியா 1962-இலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-இலும் தொடங்கப்பட்டவை. நாமக்கல் லாரிகள் தேசமெங்கும் ஓடியதற்குப் பின்னால் பாடியின் லைனர்களும் இருந்திருக்கின்றன.

கல்நாரைப் பற்றி இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் அதன் பயன்பாடு முற்றாகத் தடைசெய்யப்படவில்லை. இன்று கல்நார் இல்லாத பேடுகள் தாராளமாகக் கிடைக்கின்றன, பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்கினோம். ஆனால் வண்டியிலிருந்து கழற்றப் போகும் பழைய பேடு எதனால் ஆனதென்று எவரும் உறுதிசொல்ல முடியாது. எனவே பட்டறைகளில் செய்வதைப் போல வாயால் ஊதியோ, காற்றுக் குழாயைப் பிடித்தோ தூசியைப் பறக்கவிடவில்லை. முகத்தில் முகமூடியும், கையில் ஈரத் துணியுமாகத் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்தோம். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாங்கெல்லாம் டிரம்ம கழட்டி ஊதித்தான் பழக்கம்" என்றார். அவருடைய கிளீனர் நாட்களின் தோழர்களில் எத்தனை பேர் இருமி இருமிப் போனார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். வாசலில் சிமெண்டுத் தளம் மட்டமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தினோம். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும். ஜாக்கியில் தூக்கி, உடனே இரும்பு ஸ்டாண்டின் மேல் இறக்கி உட்காரவைத்தோம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல என்பது அப்பாவின் முதல் பாடம். கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் அடியில் கிடத்தினோம். ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி சக்கரத்தின் மேல் விழும், கையின் மேல் விழாது. இரண்டு சக்கரங்களையும் ஒருசேரக் கழற்றவும் அவர் விடவில்லை. ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். எந்தத் துண்டு எப்படி அமர்ந்திருந்தது என்று ஐயம் வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ள, கழற்றாத பக்கம் ஒரு புத்தகம் போலத் திறந்திருக்கும்.

காலிபர் என்பது டிஸ்க்கின் இருபுறமும் கை வைத்துக் கவ்வும் ஓர் இரும்புப் பிடி. அதன் உள்பக்கம் மட்டும் ஒரு பிஸ்டன் இருக்கிறது. காலால் மிதிக்கும்போது பிரேக் ஆயில் அந்தப் பிஸ்டனைத் தள்ள, உள்பக்கப் பேடு டிஸ்க்கை அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விளைவால் காலிபர் முழுவதுமே இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் இழுத்து டிஸ்க்கின் மேல் சேர்க்கும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தள்ளி இரண்டு பக்கமும் பிடிக்கவைக்கும் இந்த எளிய தந்திரத்தைக் கண்ணால் பார்த்தபோது எங்களுக்குச் சின்னதாக ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று. நல்ல சிறுகதையில் சொல்லாமல் விட்ட ஒன்று சொன்னதை நகர்த்துவதைக் கண்டுகொள்ளும்போது வருமே, அந்த மாதிரி.

போல்ட்டுகளைக் கழற்றிக் காலிபரை எடுத்ததும், அதை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பி கொண்டு சுருள்வில்லில் கட்டினோம். பேடுகளை உருவி வாசற்படியில் வைத்தோம். புதிய பேடில் உராயும் பகுதி பத்து மில்லிமீட்டர் அளவில் இருந்தது. பழையதில் வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் இரண்டுக்கும் குறைவு. இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனால், அடுத்து இரும்புத் தகடு டிஸ்க்கை உரசும். இந்தத் தடிமனை வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கும் வங்கிக்கும் சந்தைக்கும் போய்வந்துகொண்டிருந்தோம்.

அப்பா இரண்டையும் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி தேயல பாத்தீங்களா மாப்ள? பின்னு சரியா நகரலீங்க" என்றார். உண்மைதான். பின்களின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே தண்ணீர் புகுந்து, கிரீஸ் களிம்பாகக் காய்ந்திருந்தது. காலிபர் தாராளமாக நகராததால் உள்பக்கப் பேடே கூடுதலாக உழைத்திருக்கிறது. பேடை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் இப்படியே ஒருச்சாய்ந்து தேய்ந்திருக்கும். புதிய ரப்பர் உறைகளை மாட்டி, பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைத் தடவினோம். சாதாரண கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் பெருத்து மறுபடியும் பின்னை இறுக்கிவிடும்.

டிஸ்க்கையும் மாற்றவேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பக்கத்து வீட்டில் இருக்கும் பாலிடெக்னிக் மாணவரிடம் வெர்னியர் அளவுகோலை வாங்கி வந்தோம். பேடு படாத விளிம்பில் டிஸ்க் தேயாமல் வரம்பு கட்டியதுபோல் மேடிட்டிருக்கும். அளவுகோலின் தாடை அந்த வரம்பில் தட்டி, உண்மையைவிடக் கூடுதலான தடிமனைக் காட்டும். இதற்கு அந்த மாணவரே ஒரு வழி சொன்னார். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் தேய்ந்த இடத்தில் ஒரே மாதிரியான ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துச் சேர்த்து அளந்து, பிறகு இரண்டு நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ள வேண்டும். நான்கு இடங்களில் அளந்தோம். கையேட்டில் கண்ட குறைந்தபட்ச அளவுக்கு மேலேதான் இருந்தது. ஆழமான கீறல் இல்லை, விரிசல் இல்லை. டிஸ்க் தப்பித்தது.

பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்திருக்கும். புதிய தடித்த பேடுக்கு இடமளிக்க அதை உள்ளே தள்ளவேண்டும். தள்ளினால் ஆயில் மேலே ஏறி, பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவில் வழியும். பெயின்டில் பட்டால் அரித்துவிடும். எனவே ஒரு சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு, பழைய பேடை முட்டுக்கொடுத்து, தச்சர்கள் வைத்திருக்கும் சி கிளாம்பால் மெல்ல மெல்லத் திருகினோம். எடுத்த ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதுவே 140 டிகிரிக்கு இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் டிஸ்க்கின் சூடு ஆயிலுக்கு ஏறி, அது குமிழியிட்டால், மிதிக்கிற காலின் அழுத்தம் முழுவதும் அந்த ஆவியை நசுக்குவதிலேயே போய்விடும். 'பிரேக் பிடிக்கவில்லை' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் பல நேரங்களில் இந்தக் குமிழிகள்தாம் இருக்கின்றன. இரண்டு ஆண்டுக்கொரு முறை ஆயிலை முழுதுமாக மாற்றச் சொல்வது இதனால்தான். அந்த வேலைக்கு மட்டும், காற்றுக் குமிழியை வெளியேற்றத் தெரிந்த, அப்பாவுக்கு நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கை மறுநாள் வீட்டுக்கே வரச்சொன்னோம். நாங்களே எல்லாவற்றையும் செய்தோம் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இரண்டு பக்கமும் முடிந்து, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கும்போது மணி பத்தரை. எங்களில் ஒருவர் சாவியைத் திருகப் போனார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "எஞ்சின் போடறதுக்கு முன்னாடி பிரேக்க மிதி." முதல் மிதியில் பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரை வரை போயிற்று. இரண்டாவது மிதியிலும் அப்படியே. வயிற்றில் ஏதோ கரைந்தது. நான்காவது மிதியில் பாதியில் நின்றது. ஆறாவதில் கல் போல் நின்றது. உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் திரும்பிவந்து பேடைத் தொட அத்தனை மிதிகள் வேண்டும். மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்கிறவர் தெருமுனையில்தான் அதைத் தெரிந்துகொள்வார்.

மெக்கானிக் வந்து ஆயிலை மாற்றிக்கொடுத்த பிறகு, இரண்டு நாட்கள் விடியற்காலையில் ஊருக்கு வெளியே காலியான சாலையில், ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாகப் பத்து வரை குறைப்பதும், பிறகு காற்றாட ஓட்டி ஆறவிடுவதுமாகப் புதிய பேடுகளை டிஸ்க்கோடு பழக்கினோம். பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் சீராக ஒரு படலமாகப் படிந்தால்தான் முழுப் பிடி கிடைக்கும். இதையெல்லாம் இங்கே விவரமாக எழுதுவது வேறு எவரும் அப்படியே செய்யட்டும் என்பதற்காக அல்ல. பக்கத்தில் கற்றவர் ஒருவர் இல்லாமல் பிரேக்கில் கைவைப்பது சரியென்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் வேலை நடக்கும்போது அருகில் நின்று பார்க்கவும், பழைய பேடைக் கையில் வாங்கிப் பார்க்கவும், இரண்டு பக்கமும் ஒரேபோல் தேய்ந்திருக்கிறதா என்று கேட்கவும் எவருக்கும் உரிமை இருக்கிறது.

கொல்லிமலைக்கு முந்தின நாள் இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. பட்டறையில் விட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்போம். ஆளுக்கு ஒரு முறை எழுந்து போய் டார்ச் அடித்து நட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். அந்த இரவில் ஒன்று புரிந்தது. பட்டறையில் விட்டால் வருகிற தூக்கத்துக்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறோம். அதில் நம்பிக்கை பாதிதான். மீதிப் பாதி, கவலைப்படும் வேலையை இன்னொருவரிடம் காசு கொடுத்து ஒப்படைத்துவிட்ட நிம்மதி. அப்பா தலைமுறையினரிடம் அப்படி ஒப்படைக்க ஆளே கிடையாது. இருபத்தைந்து டன் எடையோடு மேற்குத் தொடர்ச்சி மலையின் கண்டாலாவில் இறங்கும் லாரி எங்கள் வண்டியைப்போல இருபத்தெட்டு மடங்கு வெப்பத்தைக் கைகழுவ வேண்டும். லைனரை ரிவிட் அடித்தவர் யார், டிரம் எவ்வளவு சூடு என்பது அவர்களுக்குத் தெரிந்தாகவேண்டும்.

தெரிந்தும் போதாமல் போகிற இடங்கள் உண்டு. சேலத்துக்கு வடக்கே தொப்பூர்க் கணவாய் எங்கள் பக்கத்தின் தீராத துயரம். 2020 டிசம்பரில் அங்கே சிமெண்ட் ஏற்றி இறங்கிய லாரி ஒன்று, முன்னால் நின்றிருந்த பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களின் மேல் மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியிலும் லாரிகளும் கார்களும் மோதி நான்கு உயிர்கள் போயின. அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தைப் பற்றி அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்காது. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். அடிக்கடி மிதித்தால் டேங்கில் இருக்கும் காற்றும் குறையும். அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டோம். "நியூட்ரல்ல எறங்கி மிச்சம் புடிச்ச டீசல்ல எவனும் மாடி வூடு கட்டல" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா மொதலாளி டீசல் கணக்குக் கேப்பான். பிரேக் கணக்கு எவனும் கேக்கமாட்டான்" என்றும் சொன்னார். விபத்துச் செய்தியில் ஓட்டுநர் பெயர் வரும், வழக்கு அவர் மேல் பதியும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓட்டியாகவேண்டும் என்று சொன்னவரின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது.

ஆடி முதல் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி போய் மலையேறினோம். கோயிலும் ஆகாய கங்கையும் முடித்து, மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினோம். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது அப்பாவின் விதி. இரண்டாவது கியரில், வளைவுக்கு முன் சற்று அழுத்திப் பிடித்து, வளைந்ததும் காலை எடுத்து ஆறவிட்டு, மறுபடியும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வரக்கூடாது. எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு. முன் இருக்கையில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். தூங்குகிறார் என்றே பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள். நாற்பதாவது வளைவைத் தாண்டியதும் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். நாங்கள் பதறினோம். இறங்கிப்போய் இரண்டு முன் சக்கரங்களுக்கும் பக்கத்தில், தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கக் காலிபர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எங்களில் ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் கைகாட்டி நின்றோம். பிறகு இடம் மாறி நின்றோம். இரண்டு பக்கமும் ஒரே சூடு.

"ஒரே மாதிரி இருக்குதுங்க" என்றோம்.

"செரி, பத்து நிமிசம் ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு இருக்கையைச் சாய்த்துக்கொண்டார். இம்முறை உண்மையாகவே தூங்கிப்போனார். கீழே சேந்தமங்கலம் பக்கத்து வயல்களும் தென்னந்தோப்புகளும் மங்கலாகத் தெரிந்தன. மீதி வளைவுகளை அவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டே இறங்கினோம்.

பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் சக்கரத்தைக் கழற்றிப் பேடுகளை அளக்கவேண்டும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, வண்டியின் டேஷ்போர்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறோம். வெர்னியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சொந்தமாக ஒன்று வாங்கியாகிவிட்டது.